கசப்புத் தண்ணீர்ப் போத்தல்

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அலுமாரியில் ஒரு சோடாப் போத்தல் இருக்கிறது. உள்ளே இருப்பது பார்வைக்கு வெறும் தண்ணீர். நாக்கில் பட்டால் கசக்கும். அதைத் தந்தவர் ஒரு மாணவியின் உம்மா. பாலாவிப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்.

உப்பளத்துப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதாமல் விடும் கேள்வி, உப்பு எப்படி எடுக்கப்படுகிறது என்பதுதான். உப்பு வாரும் மாதங்களில் அவர்கள் வகுப்பில் இருப்பதில்லை. அந்தப் பாடமும் அப்போதுதான் வரும். நான் ஆசிரியராக வந்த புதிதில் கடலோரக் களப்புத் தண்ணீரை அடுப்பில் வைத்து வற்றக் காய்ச்சி, அடியில் மிஞ்சிய வெள்ளையைக் காட்டி, "இதுதான் உப்பு" என்றேன். பல நாள் வராமல் அன்று வந்திருந்த அந்த உம்மாவின் மகள் கடைசி வாங்கிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "சேர், அதத் தின்னேலா. கசக்கும்." தொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது. ஏனென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமையே அவளுடைய உம்மா விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். படித்தது போதும், மகள் இனித் தன்னோடு உப்பளத்துக்கு வரட்டும் என்றார். அதிபர் பத்திரத்தை நிரப்பும்படி என்னிடம் தந்தார். பிள்ளையின் பெயரை எழுதியவன், மேலே எழுத மனமில்லாமல், அந்தக் கசப்பைப் பற்றிக் கேட்டேன்.

"முழுக்கக் காயவிட்டா கசக்கும்தானே. உப்பு உறைஞ்சதும் மிச்சத் தண்ணிய வடிச்சு உட்டுரணும். இது தெரியாமயா சேர் படிப்பிக்கிறீங்க?"

வகுப்புக்குக் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, உப்பு அரித்த விரல்களை முந்தானைக்குள் மறைத்தபடி, வாசலில் நின்றே சொன்னார்: எந்தப் பாத்தியில் முதலில் என்ன படியும், எப்போது உப்பு உறையும், எதை வெளியே விட வேண்டும். மகள் பாடப்புத்தகத்தைப் புரட்டி, ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரைத் தேடிக் கரும்பலகையில் எழுதினாள்.

"வாசி புள்ள" என்றார் உம்மா. அவள் வாசித்தாள்.

"இதெல்லாம் பாடமா? அப்ப நான் எத்தின தரம் பாஸ் பண்ணியிருப்பன்."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எத்தாளையில் மீன்பிடித்த வாப்பாவின் வலை வாடை சட்டையில் வரக்கூடாதென்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டுப் போனவன். கடலைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வீட்டில் தெரிந்ததை வாசலில் விட்டுவிட்டுத்தான் படிக்கப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே அப்படி நடந்துகொண்டேன்.

உம்மா பத்திரத்தைக் கேட்காமலே போய்விட்டார். அடுத்த வருடம் அதிபரிடம் அனுமதி வாங்கி, அந்தப் பாடத்தை உப்பள வரம்பிலேயே நடத்தினோம். வகுப்புக்கு வராத பிள்ளைகளெல்லாம் அங்கேதான் நின்றார்கள். அன்றுதான் உம்மா, உப்பு உறைந்தபின் வடித்த மிச்சத் தண்ணீரை நிரப்பி இந்தப் போத்தலைத் தந்தார். "இனிக் காய்ச்சக்குள்ள இத ஞாபகம் வெச்சுக்கோங்க சேர்."

மகள் இப்போது உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள். பெயர் மட்டும் எழுதிய அந்த விடுகைப் பத்திரம் இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது. அதன் மேல்தான் போத்தலை வைத்திருக்கிறேன்.