அயிலை வயிற்றில் ஒறம்பரை

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல்மீனின் குடற்புழுக்களை ஆராயக் கிளம்பியவன் நான். விலங்கியல் முதுகலையில் அப்படியொரு தலைப்பு வாய்த்தது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்குவதுதான் எனக்குத் தெரிந்த அரபிக்கடல். ஆரம்பித்தது புரட்டாசியில். ஊரே கறியையும் மீனையும் ஒதுக்கியிருந்ததால் அயிலை மலிவாகக் கிடைத்தது. அந்த மாதம் மீன் எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. ஆகவே தோட்டத்து மோட்டார் ரூம் என் ஆய்வுக்கூடம் ஆனது.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிய அப்பாவுக்கு அயிலைக் குழம்பு என்றால் உயிர். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு, அவர் முதல் துண்டைப் பிட்ட நேரம் பார்த்துத்தான் என் படிப்பு வாய்வழியாக வெளியே வந்தது.

"அப்பா, இதுக வயித்துக்குள்ள வாட்ச் ஸ்பிரிங்காட்டம் புழு சுருண்டு கெடக்கும், தெரியுங்களா?"

அப்பா துண்டைத் தட்டிலேயே வைத்தார். "ஏங்கண்ணு, இத்தன வருசமா நானு இதையவா தின்னுட்டிருந்தேன்?"

"சோத்துல கை வெக்கற நேரத்துல இதத்தான் பேசோணுமா?" என்றார் அம்மா. "நீயி படிச்சது போதும், எந்திரிச்சுப் போ."

குடலை எடுத்துவிட்டு நன்றாக வேகவைத்தால் பயமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அப்பா முட்டைக் குழம்பை இழவு வீட்டுச் சாப்பாடு போலச் சாப்பிட்டார். நான் பிடுங்கிய ருசியை நானேதான் திருப்பித் தர வேண்டியிருந்தது.

ஒரு நாள் அவரை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய், கூடை அயிலையை ஒவ்வொன்றாகக் கிழித்துக் காட்டினேன். சுத்தம். அடுத்ததும் சுத்தம்.

"இதுலயும் ஒண்ணுமில்லியா?" அப்பாவின் குரலில் லேசான ஏமாற்றம்கூட வந்துவிட்டது.

பெரிய மீன் ஒன்றைக் கிழித்தேன். குடலைச் சுற்றிப் புழுக்கள் மொய்த்துக் கிடந்தன.

"அட, பூராப் பேரும் ஒரே ஊட்டுக்கா வந்து உக்காந்துட்டாங்க!"

"அதானுங்கப்பா. சமமாப் பிரிஞ்சு போகாதுங்க. முக்காவாசி மீனுல ஒண்ணுமிருக்காது, இல்லாட்டி ஒண்ணு ரெண்டு. ஏதோ சிலதுககிட்ட மட்டும் கூட்டமாச் சேந்துக்கும்."

ஊரில் எத்தனையோ பங்காளி வீடுகள் இருந்தும், கல்யாணம் காதுகுத்து என்று வருகிற ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் முழுவதும், எங்கள் வீட்டில்தான் பையோடு இறங்கும். அப்பா அந்த மீனைப் பரிவோடு பார்த்தார்.

"பாவம், இவனும் என்னாட்டத்தான். ஒறம்பரை ஜாஸ்தி."

அந்த ஞாயிறு மறுபடியும் அயிலைக் குழம்பு. அப்பா தட்டைப் பார்த்தபடி அம்மாவிடம் கேட்டார்: "அம்மணி, இதுல ஒறம்பரை யாராச்சும் இருக்காங்களா?"

"வந்தவங்கள வாசல்லயே அனுப்பிச்சுப்போட்டுத்தான் கொழம்பு வெச்சேன். பேசாம உண்ணுங்க."

அவர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார். என் ஆய்வுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அந்தத் துண்டுதான்.

இன்று அந்த வீட்டில் நானும் மனைவியும் மட்டும். கல்யாணத்துக்கு வருகிற ஒறம்பரை லாட்ஜில் ரூம் போட்டுக்கொள்கிறது. உக்கடத்தில் வாங்கி வந்த அயிலையை அலசும்போது எல்லா வயிறும் சுத்தமாக இருந்தால், எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.