ஜெயித்த குட்டியும் செத்த குட்டியும்

வெயிலில் வாடும் மரவள்ளி இலைக்கு ஒரு வாடை உண்டு. பச்சை வாடையும் இல்லை, சருகு வாடையும் இல்லை. தொண்டையில் வந்து லேசாகக் கசக்கும். காஜா பேராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் இருந்த எங்கள் வீட்டுக் கோழிக் கூண்டின் தகரத்தின் மேல் அக்கா அந்த இலைகளைத் தினமும் பரப்பி வைப்பாள். "பச்சையா குடுத்தா குட்டிக்கு வெசம்டா. ஒரு நாள் முழுக்க வாடணும்" என்று எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. மலாய் நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அது.

எங்கள் ஆடு இரட்டைக் குட்டி போட்டது. ஒரு செவலைக் கிடாவும் ஒரு வெள்ளைப் பெட்டையும். செவலையைத் தாய் சேர்க்கவில்லை. மடிக்கு வந்தாலே முட்டித் தள்ளியது. பிழைக்காது என்று அப்பா கைவிட்ட அந்தக் குட்டிக்குப் பழைய "கீச்சாப்" சாஸ் போத்தலில் பாலை ஊற்றி, வாயில் துணித் திரியைச் செருகி, மடியில் போட்டுக் குடிக்க வைத்தவள் அக்கா. பக்கத்து வீட்டுச் செட்டி மாமி, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம்; அவருக்குத் தமிழ் வராது, அக்காவுக்கு மலாய் அரைகுறைதான். ஆனாலும் மாமி வீட்டுப் பலா மரத்தில் எட்டிய கிளையெல்லாம் எங்கள் குட்டிகளுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், தீனி வைக்கும் முன்பு, அக்கா ஒரு சணல் கயிற்றைக் குட்டியின் முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் பிடித்து, நுனி தொடும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள். தின்ற பிறகு ஏன் அளக்கக் கூடாது என்று கேட்டேன். "வயிறு நெறஞ்சா பொய் சொல்லும்" என்றாள். ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனிக் கயிறு. ஒரு வாரம் முடிச்சு நகராவிட்டால் அவளுக்கு அன்று சோறு இறங்காது.

சுதந்திர விழாவை ஒட்டித் திடலில் ஆட்டுக்குட்டிப் போட்டி நடக்கப் போவதாகச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட அக்கா, தன் பெயரைத் தானே எழுதி விண்ணப்பப் பாரத்தை நிரப்பினாள். ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்பதையே நாலைந்து நாள் பேசிக்கொண்டிருந்தாள். பசாரில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பா பாரத்தைப் பார்த்தார். "பொம்பளப் புள்ள பேர ஊரு முன்னால கூப்புடுறதா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்று சொல்லி, ரப்பரால் அழித்துவிட்டு என் பெயரை எழுதினார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எப்போதுமே கூச்சம் அதிகம் என்பார்கள். கூச்சம் என்று ஒரு பெயர் கிடைத்தால் கோழைத்தனத்துக்கு எத்தனை வசதி!

செவலைக்குத்தான் முதல் பரிசு. செவலையோடு கொண்டுபோயிருந்த முடிச்சுக் கயிற்றை அதிகாரி ஒருவர் உயரத் தூக்கிப் பிடித்து, "வாரா வாரம் அளந்திருக்கான் இந்தப் பையன்!" என்று எல்லோருக்கும் காட்டினார். என்ன தீனி கொடுத்தாய் என்று என் முன்னால் மைக்கை நீட்டினார். நான் அக்காவைத் தேடினேன். வேலிக்கு வெளியே நின்ற அக்கா, "பலா எல, புண்ணாக்கு, வாடுன மரவள்ளி எல!" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"ஏம்மா, போட்டி ஒனக்கா? தம்பி பேசட்டும்" என்றார் அதிகாரி. கூட்டம் சிரித்தது. "பாருங்க, என்ன அடக்கம்!" என்று என் முதுகில் தட்டினார்.

அப்போது செட்டி மாமி கூட்டத்துக்குள்ளிருந்து, "பூக்கான் டியா! காக்காக் டியா!" என்று கத்தினார். அவன் இல்லை, அவனுடைய அக்கா என்று அர்த்தம். அத்தனை தமிழர்கள் நின்ற இடத்தில் உண்மையைச் சொன்னது தமிழ் பேசத் தெரியாத அந்த ஒருத்திதான். மேடையில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறு வாரம் அடுத்த சந்துக்காரர்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். "எங்கேப்பா அந்த ஆட்டு வாத்தியாரு? எப்படித் தீனி போடுவேன்னு காட்டு, நாங்களும் படிச்சுக்கிறோம்" என்றார்கள். அக்கா பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பெருமை தலைக்கேறிய நான் வேலியோரம் நின்ற மரவள்ளியில் ஒரு கொத்தைப் பச்சையாக ஒடித்து வெள்ளைக் குட்டிக்கு ஊட்டினேன். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் குட்டி வாயில் நுரை தள்ளி, கால்களை உதைத்துச் செத்துப்போனது.

அப்பா "ரோத்தான்" பிரம்பை எடுத்தார். "ஆட்டப் பாக்காம எங்கடி ஊரு சுத்துன?" என்று அக்காவை அடித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த குட்டி தம்பி வளர்த்தது. செத்த குட்டி அக்கா வளர்த்தது. எந்த ஊர் நியாயம் இது? அப்பாவை மட்டும் சொல்லவில்லை. அந்த அடியைப் பார்த்த அக்கம்பக்கத்தாரில் ஒருவராவது, பரிசு வாங்கிய ஆட்டு வாத்தியார் அன்று எங்கே போனான் என்று கேட்கவில்லையே!

இப்போது அந்தச் சந்தில் ஆடு கிடையாது, மரவள்ளி வேலி கிடையாது, செட்டி மாமியும் இல்லை. திடலில் கடைகள் எழும்பிவிட்டன. என் பெயர் எழுதிய சான்றிதழ் மட்டும், அப்பா சட்டம் போட்டு மாட்டியதால், கரையான் அரித்த ஓரத்தோடு என்னிடம் இருக்கிறது. போன தீபாவளிக்கு அக்கா செமாபோக்கிலிருந்து வந்திருந்தாள். செங் என்ற ஊரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மகள், பெட்டியில் கிடந்த அதை எடுத்து, "இது என்னா அத்தை?" என்று கேட்டாள்.

"ஒங்கப்பா வளத்த ஆடு ஜெயிச்சப்ப குடுத்தது. ரொம்பக் கெட்டிக்காரன்லா ஒங்கப்பா" என்றாள் அக்கா. அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய்" என்றேன். "வளத்தது நீ. அந்த வெள்ளக் குட்டிக்குப் பச்ச எலையக் குடுத்துக் கொன்னது நான்."

அக்கா முறுக்கை உடைத்தபடியே சொன்னாள்: "அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா. குட்டி வாயில எல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாருடா கேட்டா?" என்றாள்.