மருந்து படாத வயல்

வேளாண் கல்லூரியில் அவரை எல்லோரும் "புள்ளியார்" என்றுதான் அழைப்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பயிர் நோய்த் துறையில் இருபத்திரண்டு வருடமாகத் தற்காலிகக் களப்பணியாளர். இலையைத் திருப்பிப் பார்த்து, நோய்ப் புள்ளி எவ்வளவு பரவியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை. சுத்தமான இலைக்குப் பூஜ்யம், முழுக்கக் கருகியதற்கு ஒன்பது.

"எங்க பரீட்சைப் பேப்பரையும் நீங்களே திருத்துங்களேன் அண்ணே!" என்று விடுதி மாணவர்கள் சீண்டுவார்கள்.

"தாராளமா. கண்ணை மூடிக்கிட்டு எல்லாருக்கும் ஒன்பது போட்டுடறேன்" என்பார்.

அப்படிச் சிரித்துப் பேசிய மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு அக்காள். கணவனைப் பறிகொடுத்தவள். அவளுக்கு மிஞ்சியது அரை ஏக்கர் நிலம். அதன்மீதும் கொழுந்தனுக்கு ஒரு கண். "ஒரு போகம் பார்ப்போம் அண்ணி. விளைய வெச்சுட்டா நிலம் உங்களுது. முடியலேன்னா நான் எடுத்துக்கறேன்" என்று சொந்தக்காரர்கள் நடுவில் பேசி முடித்துவிட்டான். அவளும் ரோஷத்தோடு தலையாட்டிவிட்டுத் தக்காளி நட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியரும் அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணும், இலைக்கருகல் நோய்க்கு ஒரு நுண்ணுயிர்த் தூளைக் கண்டுபிடித்திருந்தார்கள். பன்னிரண்டு விவசாயிகளின் வயலில் அதைச் சோதிக்க வேண்டும். புள்ளியார் ஓடிப்போய் அக்காள் பெயரைக் கொடுத்தார்.

"காலேஜ் பார்த்துக்கும்க்கா. நீயா கடையில எதையும் வாங்கி அடிச்சிடாதே. அது ஒண்ணுதான் கட்டுப்பாடு."

தம்பி சொல்லி அவள் எதைத் தட்டினாள்? கையெழுத்துப் போட்டாள்.

எந்த வயலுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். நான்கு வயலுக்குத் தூள், நான்குக்குக் கடை மருந்து, மீதி நான்குக்கு எதுவுமே கிடையாது. மருந்து படாத வயல் கருகினால்தானே மருந்தின் அருமை தெரியும்! இந்தச் சோதனை முறை புள்ளியாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அந்தச் சீட்டு தன் அக்காளுக்கு விழலாம் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. பேராசிரியர் டப்பாவை நீட்ட, அக்காள் வயலுக்கான சீட்டைத் தன் கையாலேயே எடுத்தார். 'தெளிப்பு இல்லை' என்றிருந்தது.

அதை அவர் அக்காளிடம் மறைத்துவிட்டார்.

ஐந்தாவது வாரம் அவள் வழிமறித்தாள். "டேய், அடி இலையெல்லாம் கறுக்குதுடா. பக்கத்து வயல்ல மூணு தடவை அடிச்சாச்சு. எனக்கு எப்ப வருவாங்க?"

"வருவாங்கக்கா."

"அஞ்சு வாரமா இதையேதான் சொல்றே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேராசிரியர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சார், அந்த ஒரு வயலை மட்டும் விட்டுடலாமே. எங்க அக்கா நிலம் சார் அது. கருகிட்டா அவங்களுக்கு ஒண்ணுமில்லே."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல்லேயே சொல்லியிருக்கணும். இப்ப ஒண்ணை எடுத்தா மொத்தக் கணக்கும் போச்சு. அந்த ஆராய்ச்சிப் பொண்ணோட மூணு வருஷ உழைப்பு போச்சு. இன்னும் மூணே வாரம், பொறுத்துக்கங்க." பிறகு காகிதங்களைப் புரட்டியபடியே, "உங்க நிரந்தரப் பணி ஃபைல் என் மேஜைக்கு வந்திருக்கு" என்றார்.

அது ஆறுதலா, எச்சரிக்கையா?

மருந்துக் கிடங்கின் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இரண்டே மணி நேர வேலை. அக்காள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் ஐம்பது வயதில் வேலை போனால் தன்னை யார் சேர்ப்பார்கள்? பொட்டலத்தை அடுக்கிலேயே வைத்துவிட்டுப் பூட்டினார். அந்தப் பூட்டின் சத்தம் தன் நெஞ்சிலேயே விழுந்தது போலிருந்தது அவருக்கு.

எட்டாவது வாரம் கடைசிக் கணக்கெடுப்பு. வயல் தீப்பிடித்து அணைந்தாற்போல் கிடந்தது. வரப்பில் கொழுந்தன் கைகட்டி நின்றான். புள்ளியார் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்து எழுத, அக்காள் கூடவே நடந்தாள். ஆராய்ச்சிப் பெண் முந்தின நாள்தான் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"சீட்டை எடுத்தது யாரு?"

"நான்தான்க்கா."

"அது என் தலையெழுத்து, விடு. இது சாகப்போற வயல்னு தெரிஞ்சப்புறம் என்கிட்ட ஏன்டா மறைச்சே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கி அடிச்சிருப்பேனே. உன் காலேஜா வந்து என் கையைப் பிடிச்சிருக்கும்?"

"வேலை போயிடும்னு..."

"ஓ" என்றாள் அக்காள். அவ்வளவுதான். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. புடவையில் ஒட்டிய கருகிய இலையைத் தட்டிவிட்டு வரப்பை நோக்கி நடந்தாள். "எடுத்துக்கோப்பா" என்று அவள் கொழுந்தனிடம் சொன்னது புள்ளியார் காதில் தெளிவாக விழுந்தது.



வயலுக்கு இருபது செடி பார்க்க வேண்டும், ஒன்பதுதான் முடிந்திருந்தது. மீதிக்குக் குனிந்தார். கண்ணீர் சொட்டித் தாளில் ஓர் எண் கலைந்தது. கலைந்த எண்ணைத் துறையில் ஏற்கமாட்டார்கள். அதனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு முறை, அழுத்தமாக, ஒன்பது என்று எழுதினார்.