போகிப் புகையை மோந்து பார்த்தவர்

நெருப்பு என் காம்பவுண்டுக்குள் இருக்கும்வரை சட்டம் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும் என்று நம்பியிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் போகியன்று இரும்புலியூர் வீட்டுக் கொல்லையில் பழைய பாயைக் கொளுத்தினேன். ரப்பர் எரித்தால் அபராதம் என்று முந்தின நாள் ஆட்டோவில் மைக் பிடித்துச் சொன்ன மாநகராட்சி ஊழியரே கேட்டைத் திறந்து வந்தார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. நெருப்பைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிப் புகையை மோந்தார்.

“இன்னா சார் எரியுது?”

“வெறும் பாய்தாண்ணா.”

“பாயோட செருப்பு ஒண்ணு கீதே சார்.”

ஜெயில் கம்பியும் மாமனார் முகமும் என் கண்முன் வந்தன. குளிக்க வைத்திருந்த வெந்நீரை அப்படியே நெருப்பில் கொட்டினேன். தெருவே இருமியது.

“எரியும்போதுகூட இம்மாம் பொகை இல்லியே சார்,” என்றபடி குச்சியால் செருப்பை எடுத்தார். “இன்னொண்ணு?”

முதுகுக்குப் பின்னால் வேட்டியில் செருகி மறைத்திருந்ததை எடுத்து நீட்டினேன்.

அவர் அபராதம் போடவில்லை. இரண்டையும் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுப் புகையை மோந்தபடி போய்விட்டார்.