உழாமல் விட்ட தோப்பு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததைவிட எங்கள் தென்னந்தோப்பின் தரையைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். இதைச் சொன்னால் இன்றைக்கும் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு எனக்கு வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட பிறகு தோப்பு வேலை முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. அவர் கட்டிலில் படுத்தபடி வாயால் விவசாயம் பார்ப்பார். ஓடியாடிப் பார்ப்பது நான். அந்தச் சமயம் பார்த்தா உர விலை ஏற வேண்டும்? ஏறியதும் கொஞ்ச நஞ்சமில்லை. சரி என்று காசை முடிந்துகொண்டு போனால், கடைக்காரர் யூரியா இல்லை என்பார். இருக்கிற நாளில், கூடவே விற்காமல் கிடக்கும் இன்னொரு மூட்டையையும் வாங்கினால்தான் ஆச்சு என்பார். ஒருநாள் வெயிலில் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினேன். போங்கய்யா, நீங்களும் உங்கள் உரமும் என்று அன்றைக்கே தலை முழுகிவிட்டேன்.

எங்கள் ஊரில் நெல்வயலுக்குக் கொழிஞ்சி விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுவது முன்பு வழக்கம். முழங்கால் உயரச் செடி. ஆடு மாடு அதில் அவ்வளவாக வாய் வைக்காது, தண்ணீருக்கும் ஏங்காது. மண்ணுக்குள் போய் மக்கிவிட்டால் அதுதான் உரம். யூரியா மூட்டை வந்ததும் எல்லோரும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நெல்லுக்கு ஆகிறது தென்னைக்கு ஆகாதா என்று மரங்களுக்கு இடையில் முழுக்க விதைத்தேன். முதல் வருஷம் ஒன்றுகூட முளைக்கவில்லை. சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது, கொழிஞ்சி விதைக்குத் தோல் கெட்டி என்று. அடுத்த வருஷம் விதையை ஆற்று மணலோடு கலந்து, சாக்கில் பரப்பி, தோல் சிராய்க்கிற வரைக்கும் காலால் தேய்த்து விதைத்தேன். ஆவணி மழைக்குத் தரை தெரியாமல் எழும்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் பக்கம் தோப்பு என்றால் உழுது, புல் பூண்டு இல்லாமல் துடைத்து வைத்திருக்க வேண்டும். விழுந்து கிடக்கிற காய் ரோட்டிலிருந்தே தெரிய வேண்டும். செடி மண்டிக் கிடந்தால் அந்தக் குடும்பம் நொடித்துப் போய்விட்டது என்று அர்த்தம். மரமேறுகிறவர் வேறு, ஒவ்வொரு தேங்காய் வெட்டுக்கும் “பாம்பு கெடக்கும் தாயி, நான் எப்பிடிக் கால வைப்பேன்?” என்று ஒப்பாரி வைப்பார். நானே முன்னால் கம்பால் தட்டிக்கொண்டு போவேன். ஒரு பாம்பும் வந்ததில்லை, ஓணான்தான் ஓடியது.

இப்படி இரண்டு வருஷம் மடக்கி உழுது மட்டைகள் பச்சை கட்டி, மூன்றாம் முறை செடி எழும்பி நின்ற நேரத்தில்தான் அந்த வரன் வந்தது. அதற்கு முன்னால் வந்தவர்களெல்லாம் அப்பா படுக்கையில், வீட்டில் ஆம்பளைப் பிள்ளை இல்லை என்று கேள்விப்பட்டதுமே நழுவிவிட்டார்கள். இவர் காளவாசலில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எங்கள் கிணற்று மோட்டார் எரிந்து போனபோது வந்து வேலை பார்த்தார். மற்றவர்கள் வந்தால் கட்டிலைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இவர் என்னைப் பார்த்து, “ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் ஓட்டுறீங்க?” என்று கேட்டார். எனக்குப் பிடித்துப் போயிற்று. இதற்கெல்லாம் பெரிய காரணம் வேண்டுமா என்ன? அவர் வீட்டிலிருந்தே பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குச் சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு உண்டு என்றும் சொன்னார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில் சித்தப்பா ஏரும் மாடுமாக வந்து நின்றார்.

“ஏத்தா, வாரவுக பாத்தா இது தோப்பா காடான்னு கேக்க மாட்டாகளா? ஒரு ஓட்டு ஓட்டிருவோம்.”

“இன்னும் பூக்கல சித்தப்பா. இப்ப மடக்குனா பாதிச் சத்துதான் கெடைக்கும். கொஞ்ச நாள் பொறுங்க.”

“ஒனக்கு மாப்ள வேணுமா, கொழிஞ்சி வேணுமா?”

“ரெண்டும் வேணும்!” என்று கத்திவிட்டு, மாட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு மாட்டைத் திருப்பினார். அப்பாவிடம் போய்ச் சொன்னதற்கு அவரும் “அவ பாடு” என்று சொல்லிவிட்டார். வீம்பாக நின்றுவிட்டேனே தவிர, மத்தியானத்துக்குள் என் தைரியமெல்லாம் வடிந்துவிட்டது. கேட்டதெல்லாம் கிடைக்கிற ஜாதகமா என் ஜாதகம்? ஒரு செடிக்காக அந்த மனுஷரை விட்டுவிடுவேனோ என்று தோப்புக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

சித்தப்பாவின் திட்டம், வந்தவர்களைக் கேசரி, காப்பி கொடுத்து வீட்டுக்குள்ளேயே வைத்து அனுப்பிவிடுவது. மாப்பிள்ளையின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்த கையோடு, “தோப்ப ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவமா?” என்று எழுந்துவிட்டார். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

தோப்புக்குள் நுழைந்ததுமே மாப்பிள்ளையின் அம்மா, செடிக்குள் மறைந்து கிடந்த ஒரு தேங்காயில் கால் இடறித் தடுமாறினார். நல்லவேளை, அவர் மகன் பிடித்துக்கொண்டார். சித்தப்பா பதறிப்போய் அளந்துவிட ஆரம்பித்தார். “எப்பவும் சுத்தமா உழுது கெடக்குற தோப்புதாண்ணே. உழவுக்கு ஆளு கெடைக்கல. களை மண்டிப் போச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. நான் பாடுபட்டு முளைக்க வைத்ததை என் கண் முன்னாலேயே களை என்கிறாரே! பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறக்கக்கூடாது என்பதெல்லாம் பறந்து போயிற்று.

“அது களை இல்ல. கொழிஞ்சி. உரத்துக்காக நான்தான் வெதச்சேன்.”

மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து மட்டைகளைப் பார்த்தார். குனிந்து செடியை விலக்கி, ஈரம் காயாத மண்ணைத் தொட்டுப் பார்த்தார். “தண்ணி விட்டு எம்புட்டு நாளாச்சு?” என்று கேட்டார். மழை நின்றதிலிருந்து விடவில்லை என்றேன். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வண்டியேறும் வரை ஒரு வார்த்தை இல்லை. ஏறும்போது மட்டும், “போயிச் சொல்லி விடுறோம்” என்றார்கள்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லி விட்டதில்லை.

நாள் போயிற்று. கொழிஞ்சி பூத்தது, ஊதா நிறத்தில் பொடிப்பொடியாக. முன்பு எதற்காக அத்தனை ஆசையாகக் காத்திருந்தேனோ, அதைப் பார்க்கவே இப்போது எரிச்சலாக இருந்தது. ஏர் கட்டச் சொல்லவும் மனம் வரவில்லை. சித்தப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

ஒருநாள் காலை மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்தார். கக்கத்தில் ஒரு காலிச் சாக்கு. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா கதவோரம் நின்றார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“தப்பா நெனைக்காதீக. பொண்ணு புடிக்காமப் போகல. பொண்ணு வீட்டுலருந்து எங்க தோப்பப் பாக்க வந்தா என்ன செய்யிறதுன்னு வீட்டுல ஒரே சண்டை. ஒரம் வாங்க முடியல. மட்டையெல்லாம் மஞ்சளாப் போச்சு. காய் சிறுத்துப் போச்சு. தரைய மட்டும் சுத்தமாத் தொடச்சு வச்சிருக்கேன், வேற என்ன சொல்ல? உங்க தோப்பப் பாத்ததும் எனக்கு வாயே எந்திரிக்கல.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நாங்கள் செடியை மறைக்கப் பார்த்தோம், அவர்கள் மரத்தை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்!

“கொஞ்சம் வெத குடுத்தீகன்னா நல்லாருக்கும்” என்றார்.

“வெத தையிலதான் முத்தும்” என்றேன்.

“அது சரி. ஆனா நானும் போன வருசம் வெதச்சுப் பாத்தேன்த்தா. ஒண்ணுகூட மொளைக்கல. நீ எப்பிடி மொளைக்க வச்ச?”

மணலோடு கலந்து தேய்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தினேன்.

“அது வாயால சொல்ற வேலை இல்ல மாமா. அங்க வந்துதான் செஞ்சு காட்டணும்.”

கதவோரம் நின்ற சித்தப்பாவுக்குப் புரை ஏறியது. அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்காரப் பார்த்தார். மாமா என்னையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வீடே அதிரச் சிரித்தார்.

“அப்ப தையிலேயே வந்து காட்டுத்தா!”

அப்பாடா! நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தார்கள். மாமா காலிச் சாக்கை எங்கள் வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டுப் புறப்பட்டார். அவர் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

“இப்ப ஏரக் கட்டுங்க சித்தப்பா. வேலியோரத்த மட்டும் வெதைக்கு விட்டுருங்க.”