முறையே சார்

"இப்ப சொன்னீங்கல்ல, அதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க."

நடத்துநர் திரும்பிப் பார்க்கிறார். அவர் சொன்னது, "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பதுதான். மதிவாணன் அதைக் கைபேசியில் பதிந்துகொண்டு, உதட்டைப் பிதுக்கியபடி உள்ளே போகிறார். அவர் எதிர்பார்க்கிற வாக்கியம் அதுவல்ல.

அந்த மாதிரி வாக்கியத்தோடு அவர் ஒன்பது வருடமாக மல்லுக்கட்டுகிறார். குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தஞ்சாவூரை ஒட்டிய தனியார் பொறியியல் கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறிப் போய்க் கணினிப் பாடம் எடுக்கிறவர். வயது நாற்பத்தாறு. கணினி சுலபமாகக் கையாளுகிற இலக்கணத்துக்குள் தமிழ் அடங்குமா, அடங்காதா என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. அடங்காது என்பது அவர் கட்சி. கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவரிடமும் அதே கட்சிதான் பேசுவார்.

கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் விளக்கம் உண்டு. "சூழல் சாரா இலக்கணம்னு ஒண்ணு இருக்குங்க. டிபன் கேரியர் மாதிரி. கடைசியா வச்ச அடுக்குதான் மொதல்ல வெளிய வரும். மூணு பேரைச் சொல்லிட்டு மூணு சேதி சொன்னா, கடைசிப் பேருக்கு மொதல் சேதின்னுதான் அதால கோக்க முடியும். ஆனா நம்ம 'முறையே' இருக்கு பாருங்க, அது பந்தி. மொதல் எலைக்கு மொதல் சோறு. டிபன் கேரியரை வச்சுப் பந்தி நடத்த முடியுமா?" நல்ல விளக்கம்தான். யூரியா வாங்க வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஊரில் அவருக்கு 'முறையே சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மனைவி கயல்விழி அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. "இதைத்தான் நிரல்நிறைன்னு நான் பசங்களுக்கு நடத்துறேன். நேராவும் வரும், எதிராவும் வரும். ஒரு பீரியட்ல முடிஞ்சுரும்" என்பார். "அது இலக்கணம், கயல். இது இலக்கணக் கோட்பாடு" என்று சொல்லிவிட்டு மதிவாணன் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

போன மாதம் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். 'முறையே' வாக்கியங்களையெல்லாம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சாதாரண ஜனங்கள் அதை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே? மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லையென்றால் அடுத்த ஆண்டு வேலை இல்லை என்று கல்லூரியும் எழுத்திலேயே கொடுத்துவிட்டது. மதிவாணன் கைபேசியும் கையுமாக உரக்கடை, ரேஷன் கடை, சலூன் என்று அலைந்தார். ஒரு ஜீவன்கூட 'முறையே' சொல்லவில்லை. "அண்ணனுக்கு டீ, இவருக்குக் காபி, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்லுகிற பாழாய்ப்போன பழக்கம் அந்த ஊருக்கு.

அப்போது பார்த்து ஆற்றில் தண்ணீர் குறைந்தது. வாய்க்காலுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து விடுவதாக முடிவாயிற்று. அறிவிப்பை நான் எழுதித் தருகிறேன் என்று மதிவாணன் தானாகப் போய் நின்றார். படித்தவர் எழுதினால் சண்டை வராது என்று நம்பி, பாசன சங்கத் தலைவர் செல்லதுரை ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டிச் சுவரில் தாள் ஏறியது. 'தலைமடை, நடுமடை, கடைமடை வாய்க்கால்களுக்கு முறையே திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் விடப்படும்.' அதன் கீழே, 'படித்துப் புரிந்துகொண்டோம்' என்று கையெழுத்துப் போட முப்பது கோடுகள். அன்று சாயங்காலத்துக்குள் முப்பதும் நிரம்பின. அந்தத் தாள்தான் ஆதாரம். மதிவாணன் வெகு நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கள் காலை, கடைமடை பக்கிரி தலைமடையைப் பலகை போட்டு அடைத்துவிட்டுத் தண்ணீரைத் தன் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார். தாளை வாங்கிப் போக மதிவாணன் வந்தபோது சுவரடியில் ஊரே நின்றது.

"கடைமடைக்குக் கிட்டக்க என்ன கிழமை இருக்கு? திங்கள்தான?" என்றார் பக்கிரி. "கடைசில கெடக்குற வெள்ளி, மொதல்ல எழுதுன தலைமடைக்கு. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அச்சு அசல் டிபன் கேரியர். நடுமடை அமிர்தலிங்கத்துக்கு எப்படிப் படித்தாலும் புதன்தான் என்பதால், அவர் நிம்மதியாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல முறையேன்னு ஒண்ணு இருக்கே, பக்கிரி" என்றார் செல்லதுரை.

"முறைன்னா தண்ணி முறை. வேற என்ன?"

செல்லதுரை திரும்பினார். "எழுதுனவரே நிக்கிறாரு. தம்பி, நீங்களே சொல்லுங்க. திங்கக்கிழமை யாருக்கு?"

ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை வலிய வந்து கேட்டவர் ஒருவருமில்லை. பதில் சந்தேகமற்றது. 'முறையே' என்று ஒரு சொல் அங்கே இருக்கிறவரை திங்கள் தலைமடைக்குத்தான். அதைச் சொல்லிவிட்டால் பக்கிரி ஒருவர்தான் தவறிப் படித்தவர், மற்ற இருபத்தொன்பது பேர் சாட்சி, ஆய்வேடு பிழைத்துவிடும்.

"ஒங்க எழுத்துதான் சார்" என்றார் பக்கிரி. "நீங்க சொன்னா இப்பவே போயி மடையை மாத்தி விட்டுர்றேன்."

தலைமடைக்காரரான செல்லதுரை வயலில் போர்வெல் ஓடுகிறது, அவர் வெள்ளிவரை பொறுப்பார். பக்கிரிக்கு வாய்க்காலை விட்டால் வேறு கதியில்லை. அவருடைய நாற்றங்கால் நுனி கருகிப் பழுத்துக் கிடப்பதை மதிவாணன் தினமும் பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கிறார். அது வெள்ளிவரை தாங்காது. அந்த மூன்று பெயர்களை வரிசைப்படுத்தியபோது அவர் வாக்கியம் அழகாக விழுகிறதா என்று பார்த்தாரே தவிர, யாருடைய நாற்று எப்படி இருக்கிறது என்று நினைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"பக்கிரி அண்ணன் படிச்சதுதாங்க சரி" என்றார். "நான்தான் எழுதுறப்ப ஒரு வார்த்தையைக் கூடுதலாப் போட்டுட்டேன்."

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரருகே போய், முப்பது கையெழுத்துக்கும் மேலே இருந்த 'முறையே'யை, ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்தார்.