மாமனார் பக்கத்து வைப்பர்

எத்துவாலே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் உபோலுத் தீவில் அப்படி வந்தவனுக்கு என்ன மரியாதை என்று கேட்க வேண்டாம். கல்லடுப்பு மூட்டுவது அவன், சேப்பங்கிழங்கு சுரண்டுவது அவன், பெரியவர்கள் கை கழுவத் தண்ணீர் ஏந்தி நிற்பது அவன், எல்லோரும் எழுந்தபிறகு மிச்சத்தைச் சாப்பிடுவதும் அவன். மாமனார் தௌமாலோ ஊரில் குடும்பத் தலைமைப் பட்டம் கட்டிய பெரியவர்களில் ஒருவர். பட்டம் அவர் தலையில் இருந்தது, அதன் சுமை முழுக்க எத்துவாலேயின் முதுகில் இருந்தது.

வண்டி ஓட்டுவதும் அவன்தான். பாகோ பாகோவிலிருந்து கப்பலில் வந்த பழைய பிக்கப் அது, ஸ்டியரிங் இடது பக்கம். நாங்கள் எல்லோரும் சாலையின் வலது பக்கம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தௌமாலோ வாங்கியது. பிறகு ஒருநாள் காலையிலிருந்து இடது பக்கம் போங்கள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மற்றவர்கள் மெல்ல மெல்ல வண்டியை மாற்றினார்கள். தௌமாலோ மாற்றவில்லை. "மாறினது ரோடு. என் வண்டி என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார்.

அன்றிலிருந்து எத்துவாலே சாக்கடை ஓரமாக உட்கார்ந்து ஓட்டுகிறான். எதிரே வருவதைப் பார்க்கக்கூடிய இடத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் அவர்தான் தலையை நீட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். அவர் "இரு" என்றால் ஆப்பியா வரைக்கும் பஸ் புகையைக் குடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். பெரியவருக்கு அதில் ஒரு ருசி பிடித்துவிட்டது. காலியான சாலையில்கூட "இரு" என்பார்.

வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து, வெடித்து, கருவாடு மாதிரி ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது. லே மாஃபா கணவாயில் மழை பிடித்தால் கண்ணாடியில் தண்ணீரை இழுத்துப் பூசுமே தவிர துடைக்காது. எத்துவாலே மனப்பாடத்தில் ஓட்டுவான். இந்த வளைவுக்குப் பிறகு பாலம், பாலத்துக்குப் பிறகு பலாமரம், பலாமரத்தடியில் பன்றி படுத்திருக்கும். மழையில் அந்த வண்டியை ஓட்ட அவனைவிட்டால் ஆளில்லை என்று ஊரே சொன்னது. பைத்தியக்காரன், அவனும் அதைக் கேட்டுப் பூரித்துப்போனான். தன்னை யாரும் அவிழ்த்துவிடாதபடி தானே முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை.

சவாயித் தீவிலிருந்து அவன் சொந்தக் குடும்பத்தார் ஆள் அனுப்பினார்கள். பெரியப்பாவின் பட்டம் வெறுமனே கிடக்கிறது, வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை உனக்குத்தான் கட்டப்போகிறோம், பெண்டாட்டி பிள்ளைகளோடு வா, வீடும் நிலமும் இருக்கிறது, இங்கேயே இருந்துகொள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று முழுக்க எத்துவாலேவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் வீட்டில், தன் பாயில், மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மாமனார் வாய் திறந்து சம்மதிக்காமல் அவன் மனைவி பெனினா கிளம்ப மாட்டாள். மகளாயிற்றே. எத்துவாலே போய்க் கேட்டான்.

"போயேன். யாரு உன்னக் கட்டிப் போட்டிருக்கா?" என்றார் தௌமாலோ, விசிறியை நிறுத்தாமல். "வண்டிய யாரு ஓட்டுவா? சாவு வீட்டுக்கு நான் நடந்தா போறது?"

பெனினாவின் தங்கை திரேசா அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், இன்னும் கல்யாணம் ஆகாதவள். ஆப்பியாவில் பெரிய பள்ளியில் வேலை கிடைத்து, அடுத்த பருவத்தில் போய்ச் சேர இருந்தாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது.

"நான் ஓட்டறேன்பா," என்றாள். "ஆனா அந்தக் கண்ணாடில என்ன தெரியுது? அத்தான், நீங்க நல்ல வைப்பரா பாத்து வாங்கிப் போடுங்க. கண்ணு தெரிஞ்சா நான் ஓட்டிட்டுப் போறேன்."

தௌமாலோ மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "வாங்கலாமே," என்றார். "நானும் வரேன்."

அவள் ஆப்பியாவுக்குப் போனபிறகு யார் ஓட்டுவார்கள் என்ற யோசனை எத்துவாலேவுக்கு வராமல் இல்லை. வந்தது, அவன் அதை உள்ளே விடவில்லை.

ஆப்பியாவில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் உதிரிபாகக் கடையில் சுவர் முழுக்க வைப்பர் தொங்கியது. கல்லாவில் இருந்த லினெத்தா என்ற அம்மாள் வாயாடி, ஆனால் தொழில் தெரிந்தவள். எத்துவாலே கழற்றிக்கொண்டு வந்த பழைய பிளேடுகளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இத எந்தக் கல்லறையில தோண்டி எடுத்தீங்க?"

"வண்டியில இருந்துதான்."

"வண்டியில ஆள் உயிரோட இருக்காங்களா?" என்றவள், வெளியே நின்ற பெரியவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். கொக்கியைத் திருப்பிப் பார்த்தாள், டேப்பை வைத்து அளந்தாள். எத்துவாலே ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து ரப்பர் ஓரத்தை விரலால் தடவினான். மலிவானது கையிலேயே பிசுபிசுத்தது. இன்னொன்றுக்குக் கொக்கி சேரவில்லை. கடைசியில் வழவழவென்று, வளைத்தால் அப்படியே திரும்பி நிற்கிற ஜோடி ஒன்று அகப்பட்டது. அதைத் தன் நெஞ்சோடு வைத்துப் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமையே கைக்கு வந்துவிட்டது போல இருந்தது.

"நல்லாத்தான் பொறுக்கியிருக்க," என்றாள் லினெத்தா. "நீளமானது டிரைவர் பக்கம். குட்டை அந்தப் பக்கம்."

தௌமாலோ உள்ளே வந்து பாக்கெட்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "படத்துல நீளமானது வலது பக்கமில்ல போட்டிருக்கு?"

"அது ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கற வண்டிக்குங்கய்யா. உங்க வண்டி இடது."

"வலது பக்கம் உக்கார்றது யாரு?"

"நீங்கதான்."

"எதிர்ல என்ன வருதுன்னு பாக்கறது யாரு? போன்னு சொல்றது யாரு?" அவர் குரல் உயரவில்லை. "நான் பாத்துச் சொல்றத அவன் செய்யறான். அப்ப கண்ணு யாருக்கு வேணும்?"

லினெத்தாவுக்குச் சிரிப்பு முட்டியது. எத்துவாலேவைப் பார்த்தாள், நீயாவது சொல்லேன் என்பது போல. எத்துவாலே தரையைப் பார்த்தான். மாமனாரை நடுக்கடையில் மறுத்துப் பேசுகிற வாய் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நீளமான பிளேடு பெரியவர் பக்கம் ஏறியது, குட்டை அவன் பக்கம்.

"ரெண்டும் இடிச்சுக்கும், பாத்துக்கோ," என்று லினெத்தா அவன் காதருகே சொன்னாள்.

கணவாய் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. தௌமாலோவின் பக்கம் பளிச்சென்று இருந்தது. அவர் தேர்ப்பவனி போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, குடை பிடித்துப் போகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்தார். எத்துவாலேவுக்குக் கீழே ஒரு முறத்தளவு இடம்தான் தெரிந்தது. குனிந்து அதன் வழியாகப் பார்த்து ஓட்டினான். கழுத்து வலித்தது. இந்தக் கண்ணாடியைப் பார்த்தால் திரேசா சாவியைத் தொடக்கூட மாட்டாள். இரண்டு பிளேடும் புதுசு, ஆனால் அவன் பழைய இடத்திலேயேதான் கிடந்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் டக் டக்கென்று சத்தம் வந்தது. நீளமானது தாவி வந்து குட்டையின் மேல் ஏறிக்கொண்டது. இரண்டும் கொம்பு மாட்டிய ஆடுகளாக நடுக்கண்ணாடியில் நின்றுவிட்டன. மோட்டார் உறுமியது. எத்துவாலே அணைத்தான். வண்டியை ஓரம்கட்டினான்.

வெளியே எல்லாம் வெள்ளை. உள்ளே இருவர் மூச்சிலும் கண்ணாடி பூத்துப்போயிற்று.

"நிக்கட்டும் மழை," என்றார் தௌமாலோ.

மழை நிற்கிற மழையாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எத்துவாலே சொன்னான்: "மாமா, பிரார்த்தனைக்குச் சங்கு ஊதிருவாங்க."

சங்கு ஊதிவிட்டால் பிரார்த்தனை முடியும்வரை ஊருக்குள் வண்டி நுழையக் கூடாது. மீறினால் பன்றி அபராதம். போன மாதம்தான் ஒரு லாரிக்காரனை ஊர் எல்லையில் மழையில் நிற்க வைத்து, சட்டம் என்றால் சட்டம் என்று தௌமாலோ அரைமணி பேசினார். அதே எல்லையில் தான் போய் நின்று, வேலியோரம் காவல் நிற்கிற பையன்கள் தன்னைப் பார்ப்பதை அவர் நினைத்திருக்க வேண்டும். விசிறியை எடுத்தார், வைத்தார்.

"உனக்கு என்ன தோணுதோ செய்," என்றார் வெளியே பார்த்தபடி.

எத்துவாலே இறங்கினான். இடுப்பில் சுற்றிய லாவலாவா நனைந்து தொடையில் ஒட்டியது. விரல் விறைத்து கொக்கி வழுக்கியது. இரண்டையும் கழற்றி, நீளமானதைத் தன் பக்கம் மாட்டினான், குட்டையை அவர் பக்கம். உள்ளே வந்து கண்ணாடியைத் துடைத்து வைப்பரைப் போட்டான்.

ஒரே வீச்சு. சாலை முழுசாக வந்து நின்றது. வெள்ளைக்கோடு, பள்ளத்தாக்கு ஓரத்துக் கல், அந்தப் பக்கம் வாழைத் தோப்பு, கீழே கடல். இவ்வளவும் இங்கேதான் இருந்ததா? அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினான். விடுதலை என்றால் இதுதான் என்று நினைத்தான்.

இறக்கத்தில் தௌமாலோ கேட்டார்: "இப்ப யாரு வேணா ஓட்டலாம் போலருக்கே?"

"ஆமா மாமா. திரேசா நல்லாவே ஓட்டுவா."

"ம்," என்றார் அவர். கோபம் இல்லை. ஏதோ கணக்குச் சரியாக வந்தவர் போல முகம் தெளிந்திருந்தது. எத்துவாலேவுக்கு அது சம்மதமாகவே பட்டது.

சங்குக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தார்கள். தௌமாலோ திரேசாவைக் கூப்பிட்டு, தேவாலயம் வரைக்கும் ஓட்டிக் காட்டச் சொன்னார். மழையில் போய்த் திரும்பி வந்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். "அத்தான், ஜம்முனு இருக்கு! நீங்க இத்தன நாள் குருடனாவா ஓட்டினீங்க?"

பிரார்த்தனை முடிந்து சாப்பாடு விரித்தார்கள். தௌமாலோ கிழங்கைப் பிட்டுத் தேங்காய்ப்பாலில் தோய்த்தபடி பேசினார்.

"எத்துவாலே, சனிக்கிழமைக்கு முன்னாடி பெனினாவையும் புள்ளைங்களையும் கூட்டிட்டுக் கிளம்பு. பட்டம் வாங்கினவன் அங்கதான் இருக்கணும். என் ஆசீர்வாதம் உண்டு."

பெனினாவின் கண் நிறைந்துவிட்டது. எத்துவாலே தலை குனிந்து நன்றி சொன்னான். அவன் சொல்லி முடிக்குமுன் பெரியவர் மகள் பக்கம் திரும்பினார்.

"திரேசா, ஆப்பியா பள்ளிக்கூடத்துக்கு வரலன்னு சொல்லி அனுப்பிடு. வண்டிக்கு ஆள் வேணும்."

திரேசாவின் கை தட்டின்மேல் நின்றது. சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது, எடுக்க மறந்தது போல. "சரிப்பா," என்றாள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பின்பக்கக் குழாயடியில் திரேசா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்துவாலே போய் அவள் கையிலிருந்த சட்டியை வாங்கினான்.

"நான் மாமாகிட்ட பேசறேன், திரேசா."

"என்னன்னு பேசுவீங்க?"

"உனக்கு வேலை கெடச்சிருக்கு, விடுங்கன்னு..."

"அதான் அவருக்குத் தெரியுமே. வண்டிய யாரு ஓட்டுவாம்பாரு. அப்ப என்ன சொல்வீங்க?"

எத்துவாலே சட்டியைத் தேய்த்தான்.

"சொல்றதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு அத்தான்," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "நான் சவாயிக்குப் போகல, நானே ஓட்டறேன்னு நீங்க சொல்லணும். சொல்வீங்களா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சொல்கிறேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். பெனினா உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே பிள்ளைகளுக்கு ஏதோ பாடுவது கேட்டது. அவள் பாடி அவன் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. திறந்த வாயை மூடிக்கொண்டான். திரேசா சட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, கழுவிக் கவிழ்த்தாள்.

முலிஃபனுவா துறைக்கு அவர்களைக் கொண்டுவிட்டவளும் திரேசாதான். வழியெல்லாம் மழை. பக்கத்தில் தௌமாலோ. தார்ப்பாய்க்குள் பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் பின்னால் உட்கார்ந்திருந்த எத்துவாலே ஒருதரம்கூடத் தடுமாற்றத்தை உணரவில்லை. அவள் அவ்வளவு நன்றாக ஓட்டினாள். துறையில் அக்காவைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகளை முத்தமிட்டாள். அவனைப் பார்த்து, "நல்லபடியா பட்டம் வாங்குங்க அத்தான்," என்றாள். அதில் குத்தல் இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

கப்பல் நகர்ந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டது போல உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அப்படி இருப்பதற்காகத் தன்னை அவன் வெறுத்தான். வெறுத்தும் அந்த லேசு போகவில்லை.

பட்டம் கட்டுகிற அன்று பெரியவர்கள் அவனை நடுவில் உட்கார்த்தி, புதுப் பெயரைச் சொல்லி, சடங்குப் பானத்தின் முதல் கிண்ணத்தை நீட்டினார்கள். அவன் தலை நிமிரவே இல்லை. என்ன அடக்கம் பாருங்கள் இந்தப் பிள்ளைக்கு என்று எல்லோரும் மெச்சினார்கள்.